பதினேழாவது கேள்வி

'கடன் இடர் ஆய்வுப் பிரிவு' என்று கதவில் பெரிதாக எழுதியிருந்ததே தவிர, உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆள்தான். கூட ஒரு கணினி. வங்கியில் யாருக்குக் கடன் கொடுத்தால் ஒழுங்காகக் கட்டுவார், யார் கம்பி நீட்டுவார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அந்த ஆளின் வேலை. ஆபீசில் அவருக்குச் 'சதவீதம்' என்று பெயர். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால்கூட "எண்பது சதவீதம்" என்பார். மீதி இருபது டப்பாவில் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு வாழ்வா சாவா என்கிற நாள். மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு தயாரித்த கேள்வித்தாளை மேலிடக் குழு முன்னால் வைக்க வேண்டும். குழு ஒப்புக்கொண்டால் பிரிவு பிழைக்கும். இல்லாவிட்டால் கதவைப் பூட்டிவிட்டு அவரை வேறு ஊருக்கு, வசூல் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். உத்தரவு தட்டச்சாகிவிட்டது, தேதி மட்டும்தான் போடவில்லை என்று பேச்சு. வசூல் என்றாலே சதவீதத்துக்கு ஆகாது. கடன்காரர் வாசலில் நின்று "பணம் எங்கே?" என்று கேட்கிற ஜாதகமே இல்லை அவருக்கு. கொஞ்சம் கண் கலங்கினால் போதும், பாவம் என்று தானே கட்டிவிட்டு வந்துவிடுவார்.

குழுவின் தலைவர் பொது மேலாளர் மேடம். எந்தத் திட்டத்தைக் கொண்டுபோனாலும் முதல் பக்கத்தைப் புரட்டுவதற்குள் "முடியாது" என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'முடியாது மேடம்' என்று பெயர்.

கேள்வித்தாள், வங்கியில் இதுவரை கடனே வாங்காத சின்னக் கடைக்காரர்களுக்கானது. பழைய வரவு செலவு எதுவும் இல்லாத ஆளை எதை வைத்து நம்புவது? அதற்குத்தான் இருபத்துநான்கு கேள்விகள். இரண்டாயிரம் பேரிடம் கேட்டுப் பதிலை வாங்கி, அவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கடன் கொடுத்து, பிறகு என்ன ஆனது என்று பார்த்ததில், இருபத்துமூன்று கேள்விகள் தண்டம். பதினேழாவது மட்டும் ஜொலித்தது.

'இரவல் வாங்கி இன்னும் திருப்பித் தராத பொருள் ஏதாவது உங்கள் வீட்டில் உண்டா?'

"இருக்குங்க, பக்கத்துக் கடைக்காரரோட குடை" என்று அசடு வழிந்தவர்கள் எல்லாம் தவணை தவறாமல் கட்டினார்கள். "சேச்சே, நம்ம வீட்ல அந்தப் பழக்கமே இல்ல" என்று நெஞ்சை நிமிர்த்தியவர்களின் கடன்தான் இரண்டு மடங்கு வராக்கடன் ஆனது. வராக்கடன் என்றால், இனிமேல் வராது என்று வங்கியே கைகழுவி எழுதிவைக்கிற கடன்.

வெள்ளி காலையில் ஒத்திகைக்காகச் சதவீதமே ஒரு தாளை நிரப்பினார். பதினேழில் 'இல்லை' என்று போட்டார். அவருடைய மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இல்லையா? அப்ப பின்பக்கம் நிக்கிறது யாரோட ஏணிங்க?"

"நம்ம ஏணிதான்."

"எதிர்வீட்டு ஏணி. பல்பு மாத்தணும்னு வாங்கிட்டு வந்தீங்க. அந்த பல்பு போயி, அடுத்த பல்பும் போயாச்சு."

சதவீதம் 'இல்லை'யை அடித்துவிட்டு, 'உண்டு, ஏணி ஒன்று' என்று எழுதினார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகணும்," என்றாள் மனைவி. "அத்தான்கிட்ட நீங்களா ரெண்டு வார்த்தை பேசுங்க. மூணு வருஷமா உங்களப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு."

"உன் அக்கா வீட்டுக்காரருக்குத் தலைக்கனம். தொண்ணூறு சதவீதம்."

"மீதி பத்து?"

"அஜீரணம்."

குழு அறையில் மேடத்தோடு சேர்த்து ஐந்து பேர். சதவீதம் பேசி முடிக்கும்வரை மேடம் முதல் பக்கத்திலேயே விரலை வைத்திருந்தார்.

"இல்லைன்னு சொல்றவன் மோசம், இருக்குன்னு சொல்றவன் யோக்கியன். அதானே சொல்றீங்க?"

"கிட்டத்தட்ட, மேடம்."

"நாங்க அஞ்சு பேரும் எழுதித் தர்றோம். உங்க கணினி என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்."

எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து தாளிலும் பதினேழுக்கு 'இல்லை'. மேடம் அதன் அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தார். சதவீதம் பதில்களைக் கணினியில் உள்ளிட்டார். பெரிய திரையில் ஐந்து வரிகளும் சிவப்பாக வந்தன. கடன் தர வேண்டாம், கடன் தர வேண்டாம் என்று ஐந்து முறை.

"முப்பது வருஷ சர்வீஸ்," என்றார் மேடம், தாளை மடித்தபடி. "என் வீட்ல அடுத்தவங்களோட குண்டூசிகூடக் கிடையாது. உங்க கேள்வித்தாள் தப்பு. முடி..."

சதவீதத்தின் கண்ணுக்கு முன்னால் ஒரு நீலப் பெட்டி உருண்டு போனது. மூன்று வருடத்துக்கு முன், அவர் பயிற்சி முடிந்து நேராக ஆபீசுக்கு வந்த அன்று, வெளியூர் கிளம்பிய மேடத்தின் பெட்டிச் சக்கரம் கழன்று போயிற்று. சதவீதம்தான் தன் துணிமணிகளை இரண்டு பையில் திணித்துக்கொண்டு, தன் நீலப் பெட்டியைக் காலி செய்து கொடுத்தார். "வந்ததும் தந்துடறேன்" என்றார் மேடம். பிறகு அதே பெட்டியை இழுத்துக்கொண்டு, இவருக்கு வணக்கம் வேறு சொல்லிக்கொண்டே, நான்கு முறை லிஃப்ட் ஏறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இவருக்கு வயிறு எரிந்தது.

இப்போது சொன்னால் ஆராய்ச்சி ஜெயிக்கும். ஆனால் நான்கு பேர் நடுவில் மேடத்தின் மானத்தை வாங்கிவிட்டு அதே ஆபீசில் குப்பை கொட்ட முடியுமா? வாயை மூடிக்கொண்டாலும் வசூல்தான், திறந்தாலும் வசூல்தான்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றார். "காலைல நானும் இல்லைன்னுதான் எழுதினேன். என் மனைவி சொல்லித்தான் எதிர்வீட்டு ஏணி ஞாபகம் வந்துச்சு. நான் திருடன் இல்ல மேடம். யாருமே ஏமாத்தணும்னு ஆரம்பிக்கறதில்ல. வாங்கறோம், வைக்கறோம், கண்ணுக்குப் பழகிடுது, அப்புறம் நம்மளதுன்னே ஆயிடுது. கடனும் அப்படித்தான் முங்குது. கேள்வி கேக்கறது பொருளப் பத்தி இல்ல, ஞாபகத்தப் பத்தி."

ஓரத்தில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்ல ஒரு துளை போடற மெஷின் இருக்கு. மச்சானோடது." அடுத்தவர், "ரெண்டு மடக்கு நாற்காலி" என்றார். மூன்றாமவர் பேனாவைத் திறந்து பேசாமல் திருத்தினார். நான்காமவர் அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தானும் திருத்தினார்.

மேடம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சதவீதத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவாறே அவர் முகம் மெல்ல மாறியது.

"அந்த நீலப் பெட்டி," என்றார்.

"பரவால்ல மேடம்."

"அதுல என் பேரே எழுதி ஒட்டி வச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதற்கு எல்லோருமே பெரும்பாடு பட்டார்கள். "ஆறு மாசம் நடத்திப் பாருங்க," என்று மேடம் கையெழுத்துப் போட்டார். அவர் வாயில் 'முடியாது' பாதியில் நின்றது அந்த வங்கியில் அதுதான் முதல் தடவை.

அன்று மாலை சதவீதம் ஏணியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். "அட, இது எங்களோடதா?" என்றார் அந்த வீட்டுக்காரர். "நான் இதையே ரெண்டு தடவை உங்ககிட்ட இரவல் வாங்கிட்டுப் போயிருக்கேனே."

சனிக்கிழமை மேடத்தின் டிரைவர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். துடைத்துப் பளபளவென்று இருந்தது. சதவீதம் அதைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார்.

"பாத்தியா? மூணு வருஷம் கழிச்சு நம்ம பெட்டி வீடு வந்து சேந்துடுச்சு."

மனைவி பெட்டியைப் பார்த்தாள். கைப்பிடியைத் திருப்பி, அடியில் இருந்த கீறலைத் தடவினாள்.

"இது நம்ம பெட்டி இல்லங்க. அத்தானோடது. பயிற்சிக்குப் போகணும்னு நீங்கதான் கேட்டு வாங்கினீங்க."

"சும்மா இரு."

"வந்த அன்னைக்கு, பெட்டியக் கொடுத்தாச்சான்னு கேட்டேன். கொடுத்தாச்சுன்னீங்க."

"கொடுத்தேனே," என்றார் சதவீதம். "மேடம்கிட்ட."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான்கு முறை லிஃப்டில் எரிந்த வயிறு, அடுத்தவர் பெட்டிக்காக எரிந்திருக்கிறது. முந்தின நாள் காலையில் ஞாபகம் வந்த ஏணியோடு நிற்காமல், ஞாபகத்தைப் பற்றி ஐந்து பேருக்குப் பிரசங்கம் வேறு. நினைக்க நினைக்க அவருக்குக் காது சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை சகலை கதவைத் திறந்தார். முதலில் பெட்டியைப் பார்த்தார், அப்புறம் சதவீதத்தை. குனிந்து நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார்.

"மன்னிச்சுடுங்க சகலை," என்றார் சதவீதம். "மறந்தே போச்சு. நூறு சதவீதம் என் தப்பு."

"நான் எப்பவோ வராக்கடன்ல எழுதிட்டேன்," என்றார் சகலை.

எதை, பெட்டியையா என்னையா என்று சதவீதம் கேட்கவில்லை. சகலை பெட்டியை ஓரமாக நகர்த்தி வழி விட்டார்.

"வாங்க, உள்ள வாங்க."