உருளைகளுக்கு நடுவே ஒரு ஆள்

என் தம்பி எதையும் தன் உடம்பில் சோதித்துப் பார்க்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டான். கம்பளம் வாங்கப் போனால் கடை நடுவில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தேய்த்துப் பார்ப்பான். விளக்கு வாங்கப் போனால் அதற்கடியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, "இது முணுமுணுக்குது, வேற காட்டுங்க" என்பான். கடைக்காரர்கள் என்னைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள். சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் தாங்காத பிள்ளைகளுக்கு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு, விளையாட்டு அறை அமைத்துக் கொடுப்பது அவன் தொழில்.

என் மகளும் அப்படிப்பட்ட பிள்ளைதான். உடம்பை ஏதாவது அழுத்திக்கொண்டிருந்தால்தான் அவளுக்கு நிம்மதி. வீட்டில் மெத்தைக்கு அடியில் நுழைந்துகொள்வாள். மேலே நான் உட்கார வேண்டும். விருந்தாளி வந்தால் விருந்தாளியும். பள்ளியில் மெத்தை ஏது? வகுப்பைவிட்டு ஓடினாள். இரண்டு பள்ளிகள் எங்களைக் கைகூப்பி அனுப்பிவிட்ட பிறகு, மூன்றாவதில் தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைத் தருகிறேன், உங்கள் தம்பி ஏதாவது செய்யட்டும். "கல்வி அதிகாரி வந்து பாத்து அனுமதி குடுத்தா பாப்பா இங்கயே படிக்கட்டும். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கங்கம்மா."

தம்பி அந்த அறைக்கு மரச்சட்டம் ஒன்று செய்தான். அதில் மேலும் கீழுமாக இரண்டு பருத்த பஞ்சு உருளைகள். நடுவில் பிள்ளை நுழைந்து போனால் இரண்டும் சேர்த்து அமுக்கும்.

அதிகாரி வந்த அன்று என் மகள்தான் முதலில் நுழைந்தாள். சோப்பு வழுக்குவதுபோல் மறுபக்கம் வந்து விழுந்தாள். சுற்றி வந்து மறுபடி நுழைந்தாள். மறுபடி விழுந்தாள். எழுந்து மாமனை ஒரு பார்வை பார்த்தாள்.

"டேய், யார் அளவுக்குடா செஞ்சே?" என்றேன் மெதுவாக.

"என் அளவுக்குத்தான்."

"உன் அளவுக்கா! நீ என்ன ரெண்டாம் வகுப்பா படிக்கிறே?"

"உள்ள போய்ப் பாத்தது நான்தானேக்கா? எனக்கு அருமையா இருந்துச்சு."

அதிகாரி எங்கள் குசுகுசுப்பைக் கேட்டுச் சந்தேகப்பட்டார். காலணியைக் கழற்றிவிட்டு, "நானே பாக்கிறேன்" என்று தலையை உள்ளே விட்டார். இடுப்புவரை போனார். பிறகு நகரவில்லை.

"சார்? மாட்டிக்கிட்டீங்களா?" என்று தலைமையாசிரியை பதறினார்.

"இல்ல. யாரும் இழுக்காதீங்க."

நாங்கள் நின்றோம். அவருடைய கால்விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. என் மகளுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. அவர் முதுகின்மேல் ஏறி, மேல் உருளைக்குக் கீழே புகுந்தாள். புகுந்தவள் வெளியே வரவில்லை. முதுகுக்கும் உருளைக்கும் நடுவில் இருந்த இடம் அவளுக்கென்றே வெட்டியதுபோல் இருந்தது.

"சார், ரொம்ப கனமா இருக்காளா?" என்றேன்.

"இருக்கட்டும்மா. வீட்ல எனக்கு இப்படி யாரும்..." என்றவர் அனுமதிக் காகிதத்தைக் கேட்டார். படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். சோதித்தபோது இருந்த நிலையிலேயே கருவியைப் பயன்படுத்த வேண்டும், மாற்றம் எதுவும் கூடாது என்று வழக்கமான நிபந்தனை அதில் இருந்தது.

மறுநாள் தம்பி சிறிய உருளைகளோடு போனான். தலைமையாசிரியை வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"தொடாதீங்க! தொட்டா அனுமதி போயிடும். சோதிச்சப்ப உள்ள ஒரு ஆள் இருந்தாரா, இல்லையா?"

"இருந்தார். அதுக்கு?"

"அப்ப ஒரு ஆள் இருக்கணும்."

அது அவன் அளவுக்குச் செய்தது. வேறு யாரைத் தேடுவது? அவனே படுத்தான். அதன் பிறகு காலை நேரமெல்லாம் என் தம்பி உருளைகளுக்கு நடுவில்தான் இருந்தான். முதுகில் மருமகள், அவள் இறங்கினால் வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளை. மூக்குக்கு நேரே தரையில் தாளை விரித்து, வேறு பள்ளிகளுக்கான அறைகளை வரைந்துகொண்டிருப்பான். போனில் கூப்பிட்டால், "உள்ள இருக்கேன்க்கா, ஏறிட்டா, அப்புறம் பேசறேன்" என்பான். என் மகள் கூட்டல் கழித்தல் எல்லாம் கற்றுக்கொண்டது அவன் முதுகில் அமுங்கி எழுந்த தெம்பில்தான்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தான். அந்தப் படுக்கையிலிருந்து எழவில்லை.

என் மகள் பள்ளிக்குப் போனதும் நேராக உருளைக்குள் நுழைந்தாளாம். வழுக்கி விழுந்து, சுற்றி வந்து, மறுபடி நுழைந்து, மணி அடிக்கும்வரை அதையே செய்தாளாம். தலைமையாசிரியை போனில் இதைச் சொன்னார். அவர் காரியக்காரர். உடனே ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்.

உடற்கல்வி ஆசிரியர் படுத்தார். உடம்பு பலகைபோல் இருக்கிறது என்று பிள்ளைகள் ஒதுங்கினார்கள். கணக்கருக்குக் கூச்சம், தொட்டதும் சிரித்துச் சட்டத்தையே ஆட்டிவிட்டார். வேன் ஓட்டுநர் சரியான அளவுதான், ஆனால் குறட்டை. எப்படியோ செய்தி தெரிந்து அந்த அதிகாரியும் வந்தார். "எனக்கு முன் அனுபவம் இருக்கு" என்று பணிவாகச் சொன்னார். ஓய்வு பெற்றபின் இளைத்துவிட்டிருந்தார், பாவம். என் மகள் அவர்மேல் வழுக்கிக்கொண்டு போய், எழுந்து, அவர் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வகுப்பைவிட்டு ஓடினாள்.

மறுநாளும் ஓடினாள். கேட்டைத் தாண்டிச் சாலைவரை போய்விட்டாள். தலைமையாசிரியை என்னை வரச் சொன்னார். மேசையைப் பார்த்தபடி, "நானும் எவ்வளவோ பாத்துட்டேன்மா..." என்று ஆரம்பித்தார்.

"மேடம், நான் படுத்துப் பாக்கட்டுமா?"

"நீங்களா? உங்க தம்பி எங்க, நீங்க எங்க! அவர்ல பாதி இருக்க மாட்டீங்களே."

"அவன் கூடப் பிறந்தவதானே?"

கீழ் உருளையில் துணி நடுவில் தேய்ந்து மழமழவென்றிருந்தது. அவன் மார்பு பட்ட இடம். அதில் முகத்தை வைத்துப் படுத்தேன். மகள் ஏறினாள். வழுக்கினாள். சுற்றி வந்து என்னைக் குனிந்து பார்த்தாள். மூலையிலிருந்த திண்டு ஒன்றை எடுத்து வந்து என் வயிற்றுக்கடியில் செருகினாள். ஏறினாள், வழுக்கினாள். இன்னொன்று செருகினாள். மூன்றாவது முறை முக்கால்வாசி நின்றாள். இன்னும் ஒரு விரற்கடை குறைந்தது.

"அம்மா," என்றாள் என் காதருகே. "மூச்சு."

இழுத்தேன். விலா விரிந்து அவளை மேல் உருளையோடு சேர்த்தது, அது எங்கள் இருவரையும் அமுக்கியது. அவள் கைகால்கள் என்மேல் தளர்ந்து விழுந்தன.

தலைமையாசிரியை தரையில் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "எவ்வளவு நேரம்மா இப்படியே இருப்பீங்க?"

பதில் சொன்னால் மூச்சு போய்விடும். கையை மட்டும் வெளியே நீட்டி, அவரைப் போய் வகுப்பைப் பார்க்கச் சொன்னேன்.