சிஸ்டர் கையில் கட்டிய கயிறு

எம்புள்ள ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்கான். மாசம் நிறையுறதுக்கு முந்தியே பொறந்தவன், அணில்குஞ்சு கணக்கா இருப்பான். அவன் ஒடம்புல கயிறு கட்டக் கூடாதுன்னுட்டாங்க. "அப்ப அவனைத் தொடுற கையில கட்டுவோம்"னு எம்வீட்டுக்காரர் சதீஷ், கருப்பசாமி கோயில் கயித்தக் கொண்டாந்தார். நர்ஸ் ஆன்மேரி எங்க எஸ்டேட்டுப் புள்ள. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ளயா இருந்தும், என் அழுகையப் பாத்துட்டுக் கைய நீட்டுச்சு. நாந்தான் முடிச்சுப் போட்டேன். பெரிய சிஸ்டர் கண்ணுல படாம அது கயித்தச் சட்டைக் கைக்குள்ள ஏத்திவிட்டுக்கிச்சு.

இன்னைக்குக் காலையில பக்கத்துப் பெட்டிப் புள்ளைக்கு ரத்தத்துல கிருமின்னாங்க. மாட்டுப்பட்டி எஸ்டேட்டு யோகப்பிரியாவோட புள்ள. மேலெல்லாம் வெளுத்துப் போச்சு, பால் எறங்கல. அவ தரையில உருண்டு அழுதா.

டாக்டர் வந்து எல்லா நர்ஸு கையிலயும் டெஸ்டுக்குப் பஞ்சால தொடச்சு எடுத்தார். "கை வழியாத்தான் கிருமி போகுது! மோதிரம், வளையல், கயிறு, ஒண்ணும் இருக்கக் கூடாது. சோப்புப் போட்டாலும் அதுக்கடியில ஒளிஞ்சுக்கிடும்"னு மலையாளத்துல சத்தம் போட்டார். எம்புள்ள ரத்தத்தையும் டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க.

ஆன்மேரி வெளிய வந்து கைய நீட்டுச்சு. கயிறு ஊறிப் போய் அழுக்கேறிக் கெடந்துச்சு.

"அக்கா, நீங்க கட்டுன சாமி கயிறு. அறுக்க எனக்குப் பயமா இருக்கு. நீங்களே அறுத்துருங்க."

கத்திரிக்கோல வாங்குனேன். சதீஷ் என் கையப் புடிச்சுக்கிட்டார். "வேணாம் மாரீ, கருப்பன் கோவிச்சுக்குவான். புள்ளைக்கு ஆகாது."

"விடுங்க கைய! கோவம்னா என்னையத் தின்னட்டும் உங்க கருப்பன். எம்புள்ள மேல கை வச்சான்னா நான் சும்மா விட மாட்டேன்!"

சொல்லிப்புட்டேனே தவிர, ஏ ஆத்தி, உடனே மனசுக்குள்ள கருப்பன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன். கண்ண மூடிக்கிட்டு அறுத்தேன். பிசுபிசுன்னு எங்கையிலதான் விழுந்துச்சு. குப்பையில போடவும் பயம், வச்சிருக்கவும் பயம். சதீஷ் கையில திணிச்சேன்.

கொஞ்ச நேரத்துல பெரிய சிஸ்டர் கதவத் தொறந்தாங்க. "மாரீஸ்வரி, கையக் கழுவிட்டு வா. புள்ளயத் தொட்டுப் பாக்கலாம்."

பொறந்ததுலேர்ந்து இதுக்குத்தான் தவிச்சுக் கெடந்தேன். குழாய்க்கு ஓடுனேன். சோப்புப் போட்டேன். நகத்துக்குள்ள தேச்சேன். கயித்துப் பிசுபிசுப்பு போன மாதிரியே இல்ல, மறுபடியும் போட்டேன். உள்ள அவன் அழுறது கேக்குது.

"போதும்க்கா, வாங்க," ஆன்மேரி கூப்புடுது.

"இந்தா வாரேன். இன்னும் ஒரு தடவ கழுவிக்கிடுறேன் தாயி, ஒரே ஒரு தடவ."