பின் சன்னலுக்கு இரண்டு பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா: இந்தக் கதையை நான் சந்தை வாசலில் பொறுக்கினேன். பாலிக் புலாவ் சந்தைக்கு எதிரே ஒரு பழைய மோரிஸ் மைனர் நின்றிருந்தது. துணிக்கூரையை மடக்கித் திறக்கிற வகை. கூரையின் பின்பக்கம் தைத்திருந்த பிளாஸ்டிக் சன்னல் முழுக்க, பூனை ஏறிப் பிறாண்டியது போல் கீறல்கள். வண்டி யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்தி கிடைத்திருக்கும். எனக்கு வேண்டியிருந்தது கதை.

2

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், மஹாடி தன் மனைவியின் வண்டியை..."

வேண்டாம். இந்த ஊரில் எந்த மாலையில் மழை பெய்யவில்லை?

"மஹாடி ரொம்ப நல்லவர். ஆனால்"

இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அடுத்த வரியிலேயே நீங்கள் அவரைச் சந்தேகப்படுவீர்கள்.

வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். அது ரொஹாயாவுடையது. கல்யாணமான நாள் முதல் அவர்தான் ஓட்டினார். கணவர் மஹாடி பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார். இப்போது ரொஹாயாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. கிளட்சை மிதிக்கக் கூடாது. ஆகவே முதன்முறையாகச் சாவி மஹாடி கைக்கு வந்தது. பேட்டரி செத்துப்போகாமல் பள்ளி மைதானத்தைச் சுற்றி வந்தால் போதும் என்று உத்தரவு. வண்டியை ஒழுங்காக வைத்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்து கடற்கரை வரை வருவதாக ரொஹாயா சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் அவர் வாசல்படி தாண்டவில்லை. தன் வண்டியில் இன்னொருவர் ஓட்ட உட்காருவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று மஹாடிக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கு அவர் அப்படிக் காத்திருந்தார்.

3

டுரியான் பருவம். மஹாடியின் அண்ணன் தோட்டத்தில் பழம் கொட்டுகிறது, ஏற்றிப்போக லாரியைக் காணோம். மஹாடி கூரையை மடக்கி, பின் இருக்கையிலும் மடிந்த கூரையின் மேலும் பழத்தை அடுக்கினார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் பழங்களின் அத்தனை முள்ளும் ஒரே பக்கமாகச் சரிந்து, மடிப்பில் மேலே கிடந்த சன்னலின் வெளிப்பக்கத்தை உரசின.

கீறலோடு விட்டிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கப் படகுக்குச் சாயம் அடித்த கை அது. எந்தக் கறைக்கும் சாயம் கரைக்கிற தின்னரைத்தான் தேடும். துணியில் நனைத்து ஒரு மூலையைத் துடைத்தார். அந்த மூலை கஞ்சி ஊற்றியது போல் வெளுத்தது.

(இந்த இடத்தில் மஹாடியின் கண்புரையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மங்கிய சன்னல், மங்கிய கண். அடித்துவிட்டேன். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.)

4

வண்டிச் சாமான் கடைக்காரர் பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் துலக்குகிற பசை ஒன்றைக் கொடுத்து விவரம் சொன்னார். நிழலில் நிறுத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவு, பழைய பருத்தித் துணியால் நேர்கோட்டில் தேய். மஹாடி அப்படியே செய்தார். ஆனால் அழுத்தினால் சன்னல் உள்ளே குழிந்துபோனது. துணி சுற்றிய பலகையை உள்ளிருந்து ஒருவர் முட்டுக்கொடுத்தால்தான் வேலை நடக்கும்.*

* பக்கத்து வீட்டு லிம்மைக் கூப்பிட்டு ஒரு பக்கம் எழுதிப்பார்த்தேன். வந்தார், பிடித்தார், தேநீர் குடித்தார், கதை முடிந்துபோயிற்று. ஆகவே லிம்மை ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டேன். மன்னிக்கவும், லிம்.

ஞாயிறு காலை. மஹாடி துணியைப் பிசைந்தபடி வீட்டுக்குள் போனார்.

"யா, ஒரு பலகையைப் பிடிக்கணும். கொஞ்ச நேரந்தான்."

"எங்க?"

"வண்டிக்குள்ள."

ரொஹாயா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "எத்தனை கூடை ஏத்துனீங்க, பாங்?" (கணவருக்கு அவர் 'யா', அவருக்குக் கணவர் 'பாங்'.)

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? வண்டி வாசல்ல நிக்குது. தெருவே மூக்கைப் பொத்திட்டுப் போவுது."

பருவம் தொடங்கியதிலிருந்து மூன்று வேளையும் டுரியான் தின்றவர் மஹாடி. அந்த வாடை அவர் மூக்குக்கு எட்டவே இல்லை. கீறலை மறைக்கத்தான் அவ்வளவு பாடுபட்டார்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களா வந்து சொல்வீங்கன்னு பாத்தேன். பலகை பிடிக்கன்னு வந்து நிக்கிறீங்க."

மஹாடி தரையைப் பார்த்தார். "அண்ணன் பழம் அழுகுதுன்னாரு. ஏத்திட்டேன். தின்னர் போட்டதும் நான்தான்."

தின்னர் சங்கதி ரொஹாயாவுக்குப் புதிது. கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கைத்தடியை எடுத்தார்.

5

ரொஹாயா பின் இருக்கையில் காலை நீட்டிப் பலகையைப் பிடித்தார். வெளியிலிருந்து மஹாடி தேய்த்தார். நடுவே மங்கிய பிளாஸ்டிக்.

"நேரா தேய்ங்க. இது படகு இல்ல."

"நீ ஆட்டாம பிடி."

"நான் ஆட்டல. நீங்க அழுத்துறதுதான் ஆட்டுது."

சன்னல் தெளிந்து இருவர் கண்ணும் சந்திக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நானும் எழுதினேன். அழகாக வந்தது, அதனால் நம்பிக்கை வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்: மேலோட்டமான கீறல்கள் போயின. வெளுத்த மூலை பாதி தேறியது. முள் ஆழமாக இழுத்த கோடுகள் அப்படியே நின்றன. மஹாடி அவற்றை விடாமல் தேய்த்தார்.

"போதும், பாங். ஓட்டை விழுந்துடும். பின்னால வர்ற லாரி தெரியுது, அது போதும்."

6

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ரொஹாயா வீட்டுக்குள் போகிறார். ஒன்றில் முன் இருக்கைக்கு வருகிறார். மூன்றாவதில் பின் இருக்கையிலேயே மகாராணியாக உட்கார்ந்து, ஓட்டு என்கிறார். மூன்றாவதை நானே நீக்கினேன்; நீட்டிய காலோடு அவ்வளவு தூரம் அவரால் முடியாது.

இந்த வண்டிக்குப் பின்கதவு கிடையாது. மஹாடி இடப்பக்கக் கதவைத் திறந்து, முன் இருக்கையை மடக்கி, கையை நீட்டினார். ரொஹாயா அதைப் பிடித்து மெல்ல இறங்கி நின்றார். மஹாடி இருக்கையைத் திரும்ப விரித்துவைத்தார். கடற்கரைக்கு வருகிறாயா என்று கேட்கவில்லை. கேட்கிற உரிமை போய்விட்டது என்று நினைத்தார். ரொஹாயா அவர் கையை இன்னும் விடவில்லை.

முன்னால் வீடு, பின்னால் விரித்த இருக்கை. இரண்டுக்கும் ஓரடிதான். அந்த அடியை என்னால் எழுத முடியவில்லை. எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள், கண்ணுகளா. சீக்கிரம் சொல்லுங்கள், அவர் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது.