திறக்க முடியாத டாலர்

பூமாரி விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டியது. காலையிலும் ஒட்டியது, மத்தியானமும் ஒட்டியது, இனி எந்தக் காலத்திலும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும் போலிருந்தது. சொட்டு வடிவ அச்சுக்குள், கண்ணாடியாக இறுக வேண்டிய ரெசின் சீனிப்பாகு மாதிரிக் குழைந்து கிடந்தது. அதன் நடுவில், அவள் நாத்தனார் செல்வமணி நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளையின் தொப்புள்கொடி, காய்ந்து சுருண்டு, பாகில் விழுந்த எறும்பாக மாட்டிக்கொண்டிருந்தது.

வேறு எதைக் கெடுத்திருந்தாலும் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் வாங்கிவந்துவிடலாம். தொப்புள்கொடியை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

எல்லாம் அவளுடைய கெட்டிக்காரத்தனத்தால் வந்த வினை. அயல்கூட்டம் என்கிற மகளிர் குழுவில் பெண்களுக்கு ரெசினில் நகை செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். டாலர், கம்மல், மோதிரம், உள்ளே பூவும் ஜிகினாவும். மலையாளத்து டீச்சர் ஒவ்வொரு வகுப்பிலும் கரடியாகக் கத்தினார்: "ரெசின் ரெண்டு மூடி, ஹார்ட்னர் ஒரு மூடி. ரெண்டினு ஒந்நு, மறக்கல்லே!" மற்றவர்கள் தலையாட்டினார்கள். பூமாரி மட்டும் உள்ளுக்குள் சிரித்தாள். அவள் புருஷன் வீரபாண்டிக்கு விழிஞ்ஞத்தில் ஃபைபர் படகு செய்யும் இடத்தில் வேலை. அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொண்டுபோய் ரெசினோடு பழகியவள் அவள். அங்கே ஒரு வாளி ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் கொஞ்சமே கொஞ்சம்தான். ஒருவன் அசந்து கூட ஊற்றி, வாளி புகைந்து, எல்லாரும் ஓடியதைக் கண்ணால் கண்டவள். ஒரு மூடியாவது! இந்த டீச்சர் வீட்டைக் கொளுத்தப் பார்க்கிறாரா?

ஆகவே நாத்தனார் வேலைக்கு ஹார்ட்னரைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டாள். படகு ரெசின் வேறு, நகை ரெசின் வேறு என்று அவளுக்கு யார் சொல்வது? ஊரில் ரெண்டு ராஜையன் இருந்தால் ரெண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்களா?

"மழைல்லா, அதான் காயல," என்றான் வீரபாண்டி. அவளும் மழையைத் திட்டினாள். ஆனிமாத மழை பாவம், வாய் பேசாது.

பயம் கொடிக்காக மட்டும் இல்லை. செல்வமணிக்கு நெடுநாள் பிள்ளை இல்லாமல் இருந்தது. ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் நடுவில், பூமாரி வாய் நிற்காமல், "என்ன செல்வமணி, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்குப் போன பேச்சு வருஷக்கணக்கில் திரும்பவில்லை. இப்போது பிள்ளை பிறந்ததும் தன் புகுந்த ஊரான கழக்கூட்டத்திலிருந்து அவளாகவே பஸ் ஏறி வந்து, "மைனி" என்று வாய் நிறையக் கூப்பிட்டு, ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் வைத்தாள்.

"வெள்ளித் தாயத்து வேண்டாம் மைனி. பிள்ளை இடுப்பு செவந்து போவுது. நீங்க டாலரா செஞ்சு தாங்க, நான் கழுத்துல போட்டுக்கிடுதேன்." போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் கேட்டாள். "ஒறைஞ்ச பெறகு யாராலயும் தொறக்க முடியாதுல்லா?"

"சுத்தியல் வச்சு அடிச்சாலும் முடியாது," என்று பூமாரி பெருமையடித்தாள். இப்போது பாரு, ஈர்க்குச்சி போதும்.

வெள்ளிக்கிழமை செல்வமணி வந்து நின்றாள், தோளில் பிள்ளை தூங்க. ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பேர் வைக்கிறார்கள்; டாலரை வாங்கிப்போக வந்திருக்கிறாள். பூமாரி காப்பி போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போனாள். எத்தனை நேரம்தான் ஒளிக்க முடியும்? அச்சை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"கெடுத்துட்டேன்டி. ஒன் பிள்ளையோட கொடிய நான் கெடுத்துட்டேன். நீ என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு, பேசாம மட்டும் இருந்திராத." சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

செல்வமணி குனிந்து பார்த்தாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாளே என்று பூமாரி பதறிக் கிட்டே போனால், அவள் பிள்ளை எழுந்துவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மைனி, அழாதீங்க. அது கொடியே இல்ல."

"பின்ன?"

"சுக்கு."

"ஏட்டி, என்ன சொல்லுத நீ?"

"நெசக் கொடி குளிப்பாட்டும்போ விழுந்து தண்ணியோட ஓடைக்குப் போயிட்டு மைனி. எங்க மாமியா வந்து, கொடி பத்திரமா இருக்கான்னு கேட்டாவ. பயத்துல இருக்குன்னுட்டேன். தாயத்துல அடைச்சா, பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா ஒரைச்சுக் குடுக்கணும்னு தொறப்பாவல்லா? அப்போ என் கதை முடிஞ்சுது. அதான் ஒங்ககிட்ட ஓடி வந்தேன்."

பூமாரி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துப் போட்டாற்போல இருந்தது. அழுத கண்ணோடே சிரிப்பு வந்தது. சுக்காம், சுக்கு! இதற்காகவா சோறு இறங்காமல் கிடந்தாள்? கூடவே ஒரு சின்னக் குத்தலும் வந்தது.

"அப்போ நீ எம்மேல கோவம் தீந்து வரலியா?"

"கோவம் இருந்தா இதுக்கு ஒங்ககிட்டயா வருவேன்? அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். வெக்கமாப் போச்சு." செல்வமணி பிள்ளையை அவள் மடியில் கிடத்தினாள். "கொஞ்சம் பிடிங்க. அந்த டீச்சர் என்ன சொன்னாவன்னு இப்பவாவது ஒழுங்கா சொல்லுங்க."

பழையதைக் குப்பையில் போட்டு அச்சைத் துடைத்தார்கள். அடுக்களை டப்பாவைக் கவிழ்த்து, கொடிக்கு லட்சணமான சுக்காக ஒன்றைப் பொறுக்கினார்கள். செல்வமணி ரெசின் ரெண்டு மூடியும் ஹார்ட்னர் ஒரு மூடியும் அளந்து விட, பூமாரி குமிழி வராமல் மெல்லக் கலக்கினாள். புகையவில்லை. வீடு எரியவில்லை. மழை ஈரம் போக, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டார்கள். மறுநாள் பூமாரி நகத்தால் தட்டியபோது டக்கென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே இன்னும் ரெண்டு தரம் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கழக்கூட்டத்து வீட்டில் செல்வமணியின் மாமியார் பிச்சம்மாள் டாலரைக் கையில் வாங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பூமாரியும் செல்வமணியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சுக்கு கணக்கால்லா இருக்கு," என்றாள் பிச்சம்மாள்.



கிழவி கூடத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். ஆண்கள் பாயாசத்தில் இருந்தார்கள். டாலர் கோத்த செயினை மருமகள் கழுத்தில் தன் கையாலேயே போட்டுவிட்டு, காதுப் பக்கம் குனிந்தாள்.

"ஒன் புருசனுக்கு நான் தாயத்துல அடைச்சுக் கட்டுனதும் சுக்குதான்ட்டி. எங்க மாமியா எப்போ தொறப்பாளோன்னு தெனமும் செத்துப் பொழச்சேன். இந்த ரெசின் அப்போ இல்லாமப் போச்சே!"