அப்படியே சொல்லு

ஃப்ரீசர் பெட்டியின் வயர் சுவரிலிருந்த பிளக்குக்கு ஒரு முழம் எட்டவில்லை. பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்டார்கள். வெண்ணிலா கட்டிலுக்கு அடியில் தேடினாள், டிவிக்குப் பின்னால் தேடினாள், மாடிப்படிக்குக் கீழே செருப்புக் குவியலில்கூடத் தேடினாள். "அப்பா, எங்க வச்ச?" என்று கேட்க வாயையும் திறந்துவிட்டாள். வீட்டில் அதையெல்லாம் எடுத்து வைக்கிற ஆள்தான் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

கடைசியில் அதைக் கொண்டுவந்து நீட்டியவள், அவர்கள் வீட்டில் தங்கியிருந்த இங்கிரிட். அவளுடைய மேஜை விசிறிக்காக அப்பா போட்டுக் கொடுத்திருந்த பாக்ஸ் அது. கொடுத்துவிட்டு அவள் நகரவில்லை. அழுது வீங்கிய கண்ணோடு, காலையிலிருந்து கேட்கும் அதே கேள்வியை ஆங்கிலத்தில் மறுபடியும் கேட்டாள்.

"நேற்றுக் காலையில் அவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள்? யார் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்?"

"அப்புறம் சொல்றேன்" என்று வெண்ணிலா தண்ணீர் கேனைத் தூக்கப் போய்விட்டாள். கேன் நிறையத் தண்ணீர் இருந்தது.

இங்கிரிட் நார்வேயில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். கோடை விடுமுறையில் ஆறு வாரம் தாம்பரத்தில் ஒரு கிளினிக்கில் பயிற்சி. ஹோட்டல் கூடாது, ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும், வீட்டில் ஒருவராவது இங்கிலீஷ் பேச வேண்டும் என்பது அனுப்பியவர்கள் போட்ட நிபந்தனை. இரும்புலியூரில் அந்தத் தெருவில் தடையில்லாமல் இங்கிலீஷ் பேசுகிறவள் வெண்ணிலா ஒருத்திதான். அவள் அப்பா லோகு, காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் முப்பது வருஷமாகச் சமையல்காரர். "ஆயிரம் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டவன், ஒரு புள்ளைக்கு ஆக்கிப் போட மாட்டனா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளை வீட்டுக்குள் அழைத்தார். அன்றிலிருந்து அவள் அவருக்குப் பாப்பா.

நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் வேலை வெண்ணிலாவுக்கு வந்தது. முதல் நாளே ஒரு சிக்கல். அப்பா வைத்த மிளகு ரசத்தை ஒரு வாய் குடித்த இங்கிரிட், "தொண்டை எரிகிறது, என்னால் முடியாது" என்றாள். அப்பா கரண்டியோடு எதிரே நின்றார். அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? "சூப்பரா கீதாம்பா" என்றாள் வெண்ணிலா. அவ்வளவுதான், ஆறு வாரமும் அந்தப் பெண்ணுக்கு மிளகு ரசம்தான். பல்லாவரத்திலிருந்து வந்த காசியம்மாள் அத்தை, "இன்னாடி இது, துணிய பாதியில கீச்சிட்டாளா?" என்றபோது, "உன் உடை அத்தைக்குப் பிடித்திருக்கிறது" என்று இந்தப் பக்கம் திருப்பினாள். அம்மாவின் பாதவெடிப்புக்கும் பக்கத்து வீட்டு இருமலுக்கும் "டாக்டரிடம் போங்கள்" என்று இங்கிரிட் சொன்னதெல்லாம், "பாத்துக்க சொல்றா" என்று சுருங்கிப் போனது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. வீடு சிரித்துக்கொண்டிருந்தது. வந்த விருந்தாளியும் வாடக் கூடாது, வீட்டாரும் நோகக் கூடாது என்று நினைப்பதில் என்ன தப்பு என்றுதான் வெண்ணிலா நினைத்தாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கு அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பனியன் நனைய வேர்த்துக்கொண்டிருந்தார். இடது தோள் இழுக்கிறது என்றார். "முந்தாநாள் அண்டா தூக்கினேன், அதான். கேஸா கூட இருக்கும்." இங்கிரிட் ஓடிப்போய்த் தன் பிரஷர் மெஷினை எடுத்துவந்து பார்த்தாள். இரண்டாவது தடவையும் பார்த்தாள். பிறகு வெண்ணிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்கு இல்லை, மத்தியானம் இல்லை. இப்பவே."

பதினோரு மணிக்கு வெண்ணிலாவுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. மூன்றாவது சுற்று. இரண்டு வருஷமாக வேலைக்கு அலைந்து இதுவரை வந்திருக்கிறாள். இங்கிரிட் எதற்குத்தான் ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை? அப்பா வேறு ஆஸ்பத்திரி என்றாலே முகம் வெளுக்கிறவர். இத்தனையும் ஒரு நொடியில் மனசுக்குள் ஓடின.

"இன்னா சொல்லுது பாப்பா?" என்றார் அப்பா.

"பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியாம்பா. இன்னிக்கு ரெஸ்ட் எடுக்கணுமாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஈசிஜி எடுத்துட்டா நல்லதாம்."

"அவ்ளோதானா? அது மூஞ்சப் பாத்தா நான் செத்தே பூட்டேன் மாரி கீது" என்று அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று இங்கிரிட் கேட்டாள். "ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டோம், ஒன்பது மணிக்கு வரும். நீ கிளினிக்குக்குக் கிளம்பு" என்று அவளையும் சமாதானப்படுத்தி அனுப்பியாயிற்று.

இன்டர்வியூ நன்றாகவே நடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா பாத்ரூம் வாசலில் விழுந்தார். ஆம்புலன்ஸ் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது வெண்ணிலாவால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பந்தல்காரனிடம் நாற்காலி போதாது என்றாள். மாலை வாங்கப் போன மகேஷ் அண்ணனுக்கு மூன்று தடவை போன் போட்டாள். பெரியப்பா மகன், கொள்ளி வைக்கப் போகிறவன். "ஏன் பேஜார் பண்ற, வந்துகினுதான கீறேன்" என்று அவன் எரிந்து விழுந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்கு நெஞ்சு மட்டுமா, கையும் காலும்கூடச் சும்மா இருக்கவில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. எப்படி ஆச்சு? அம்மா அங்காளம்மாள் பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்தபடி ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "காலையிலயே நோவுதுன்னாரு. அந்தப் பொண்ணு மிசின் வச்சி பாத்துட்டு, ரெஸ்ட் எடு, நாளைக்குப் போனா போதும்னு சொல்லிச்சி. நாங்க இன்னாத்த கண்டோம்." உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பதினோரு மணிக்கெல்லாம் பேச்சு தெருமுனை வரை போய், திரும்பி வரும்போது கொம்பு முளைத்து வந்தது.

"நர்சு படிக்கிறாளாம் நர்சு!" காசியம்மாள் அத்தை மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். "படிக்கிற புள்ளைக்கு என் தம்பிதான் கெடச்சானா? வூட்ல சோறு போட்டவன வாரிக் குடுக்க வச்சிட்டாளே!"

இங்கிரிட் சுவரோரம் நின்றிருந்தாள். அம்மா எடுத்துக் கொடுத்திருந்த காட்டன் சுடிதாரைப் போட்டிருந்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பது அவளுக்குப் புரிந்தது.

"அவர்கள் என்ன சொல்கிறார்கள்?"

"அத்தை ரொம்ப வருத்தத்தில் இருக்கிறார்" என்றாள் வெண்ணிலா. அப்பா செத்துக் கிடக்கிறார், வாய் இன்னமும் பழைய வேலையைச் செய்கிறது.

பெட்டியைத் திறந்து, குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசிக்கு உறவுகளைக் கூப்பிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றிவந்து தட்டிலிருந்து அரிசியை அள்ளினார்கள். இங்கிரிட்டும் வரிசையில் நின்று, முன்னால் போனவர்களைப் பார்த்து அதேபோல் ஒரு பிடி எடுத்தாள். அத்தை அவள் கையைத் தட்டிவிட்டாள். அரிசி தரையில் சிதறியது.

"நீ போடாத! கொன்னவ கையால என் தம்பிக்கு அரிசியா?"

இங்கிரிட் கையை அப்படியே நீட்டியபடி வெண்ணிலாவைப் பார்த்தாள். இந்தத் தடவை என்ன சொல்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"அவ நாளைக்குன்னு சொல்லல" என்றாள் வெண்ணிலா.

வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"அவ இப்பவே போவணும்னு சொன்னா! இப்பவே இட்டுகினு போங்கன்னு என் கையப் புடிச்சிகினு சொன்னா. நான்தான் மாத்தி சொன்னேன். எனக்கு இன்டர்வியூ இருந்திச்சி, நான்தான் நாளைக்குன்னு சொன்னேன்!"

அத்தை, "இன்னாடி சொல்ற நீ?" என்றாள், பாதிக் குரலில். அம்மா தலையைத் தூக்கவில்லை. தரையில் சிதறிய அரிசியையே பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி இங்கிரிட்டின் கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள்.

"நேரமாவுது, எடுங்கப்பா" என்றான் மகேஷ்.

தான் அரிசி போட்டோமா என்பதுகூட வெண்ணிலாவுக்கு நினைவில்லை. மேளம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது. பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலை முழுகிய ஈரத்தோடு, பின்புறக் குழாயடியில் வைத்து அவள் இங்கிரிட்டிடம் முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. அத்தை சொன்னதையும் சொன்னாள்.

"ஒன்பது மணிக்கு ஆட்டோ வரவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள் இங்கிரிட்.

"நான் கூப்பிடவே இல்லை."

இங்கிரிட் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துணிப்பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. திங்கட்கிழமை அவளுக்கு விமானம்.

மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு பியூலா அக்கா சோறும் ரசமும் ஒரு சொம்பு மோரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அத்தை கூடத்தில் முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். வாய்க்கரிசி நேரத்தில் வெண்ணிலா கத்தியதற்குப் பிறகு அவள் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது வெண்ணிலாவுக்கு.

"அந்தப் பொண்ணக் கூப்புடு" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்து.

இங்கிரிட் வந்து உட்கார்ந்தாள். அம்மா அவளுக்குத் தட்டில் சோறு போட்டு ரசத்தை ஊற்றினாள்.

"நேத்துலேர்ந்து ஒண்ணும் துன்னல. ஒரு வாய் சாப்புட சொல்லு." தட்டை இங்கிரிட் பக்கம் நகர்த்தினாள். "அப்படியே சொல்லு."

வெண்ணிலா சொன்னாள். இங்கிரிட் பதில் சொன்னாள். அம்மா காத்திருந்தாள்.

"உனுக்காக சாப்புடறாளாம்மா" என்றாள் வெண்ணிலா. "என் மூஞ்சப் பாக்க முடியலயாம்."

"ம்" என்றாள் அம்மா.

இங்கிரிட் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெதுவாக மென்றாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது. எதற்காக என்று சொல்ல முடியாது.

"காரமா கீதான்னு கேளு."

கேட்டாள். இங்கிரிட் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப காரமாம்மா" என்றாள் வெண்ணிலா. "மொத நாள்லேர்ந்தே காரந்தானாம்."

அம்மாவின் கை ரசப் பாத்திரத்தின் மேல் அப்படியே நின்றது. அடுப்பு மேடையில் அப்பாவின் அஞ்சறைப் பெட்டி மூடாமல் கிடந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு மோர்ச் சொம்பை எடுத்து இங்கிரிட்டின் சோற்றில் ஊற்றித் தன் விரலாலேயே பிசைந்து கொடுத்தாள். சொம்பில் பாதி மோர் மிச்சமிருந்தது. அதை வெண்ணிலா பக்கமாகத் தள்ளிவைத்தாள். முகத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பவில்லை.