மூணாவது காப்பி

...மூணாவது எங்கேக்கா என்று கேட்டவன் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம், ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு, கருகிப்போன கம்ப்யூட்டரின் வயிற்றை மோந்து பார்த்துவிட்டு, "சொந்தக்காரங்க வீட்டுல வச்சேன்னு சொன்னீங்கல்ல, ஒரு எட்டு போயி எடுத்துட்டு வந்துருங்களேன்" என்கிறான் டக்ளஸ், ஒரு எட்டாம், எடுத்துக்கொண்டு வருவதாம், சுங்கைப் பட்டாணியில் பாதிக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவன், எந்த சலூனில் எந்த மெஷின் எப்போது படுத்தது என்று தேதியோடு சொல்கிறவன், இவனுக்கா தெரியாது, புஷ்பவள்ளியும் பிரேமாவதியும் போன தீபாவளிக்கு முன்னாலிருந்து முகம் பார்த்துக்கொள்வதில்லை என்று? தாமான் வீடுகளுக்குள் திரிகிற பூனைக்குக்கூடத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டிருப்பான். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கக் கேட்டிருப்பான். சர்ச்சுக்குப் போகிற பிள்ளை, அமைதியான பிள்ளை என்று ஊரெல்லாம் பேர், அமைதியாக இருக்கிறவர்கள்தான் எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள்... சிக்னலில் முன்னால் நிற்கிற காடிக்காரன் ஏன் நகரமாட்டேன் என்கிறான், பச்சை விழுந்து எவ்வளவு நேரமாகிறது, தூங்கிவிட்டானா, இல்லை அவனுக்கும் கம்ப்யூட்டர் கருகிவிட்டதா? புஷ்பவள்ளி ஹார்னை ஒரு அழுத்து அழுத்தினாள். அவன் கண்ணாடியில் பார்த்துக் கையை ஆட்டினான். ஆட்டட்டும்.

இடி விழுந்ததற்கு அவள் என்ன செய்வாள். நேற்று மத்தியானம் ஜெராய் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும்போதே எழுந்து போய் இஸ்திரிப் பெட்டி பிளக்கைப் பிடுங்கினாள், மூன்று தையல் மெஷின் பிளக்கையும் பிடுங்கினாள், வாசல் மின்சார விளக்கை அணைத்தாள், கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள், இடி கண்ணாடியைத் தேடி வருமாம், எல்லாம் செய்தாள், கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட்டாள், ஏன் என்றால் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்குவது எப்போதும் பிரேமாவதியின் வேலை. அவள் கடையை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, அவள் வேலை மட்டும் இன்னும் அவள் பேரிலேயே கிடக்கிறது, இதை யாரிடம் சொல்ல. டக்ளஸ் படித்துப் படித்துச் சொன்னான். முதல் முதலில் அவன் கடைக்கு வந்து, "அக்கா, எதா இருந்தாலும் மூணு காப்பி வேணும்" என்றபோது, புஷ்பவள்ளி பக்கத்துக் கடைக்கு ஆளனுப்பி மூன்று காப்பி வாங்கி வரச் சொன்னாள், ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று பிரேமாவதிக்கு. அவன் சிரிக்கவே இல்லை, குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான், கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டிஸ்கில் ஒன்று, கடைக்கு வெளியே வேறு வீட்டில் ஒன்று. "இல்லாட்டி கிளவுடுல போட்டுரலாம்க்கா, மேகம் மாதிரி, எங்கருந்தாலும் எடுத்துக்கலாம்." மேகத்திலா? இடி எங்கிருந்துடா வருகிறது என்று கேட்டாள் புஷ்பவள்ளி. கடையே சிரித்தது. இப்போது நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஹார்டிஸ்கையாவது வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள் என்றான், அவள் அதை டேப் போட்டுக் கம்ப்யூட்டர் தலையிலேயே ஒட்டி, ஆயுத பூஜைக்குக் குங்குமமும் வைத்து, ஒயரைச் செருகியபடியே விட்டுவிட்டாள், தாயையும் பிள்ளையையும் பிரிக்கக்கூடாது என்று. தாயும் பிள்ளையும் ஒரே இடியில்...

சரி, போனது வெறும் பாட்டும் படமுமாக இருந்தால் தொலையட்டும். போனது பெண்களின் அளவு. சுங்கைப் பட்டாணி, யான், தஞ்சோங் டாவாய், கல்யாணமாகிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள், எல்லோருடைய மார்பும் இடுப்பும் கைக்குழியும் தோளும். பாதிப் பேர் நேரில் வருவதே இல்லை, துணியைப் பார்சலில் போடுவார்கள், "அளவு உங்ககிட்ட இருக்குல்ல அன்டி, அதே மாதிரி தச்சிருங்க" என்று ஒரு மெசேஜ், முடிந்தது. நாளைக் காலையில் வெட்டினால்தான் தீபாவளிக்குள் போய்ச் சேரும். எல்லோரையும் கூப்பிட்டு உங்கள் அளவை இன்னொரு தடவை எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லலாம், ஏன் சொல்லக்கூடாது, சொன்னால் என்ன கேட்பார்கள்? என் அளவு எங்கே போனது, யார் கைக்குப் போனது என்று கேட்பார்கள். அங்கேதான் தொழில் சாகும். புஷ்பவள்ளியின் கடையில் அளவை வாய்விட்டுச் சொல்வதில்லை, அதுதான் அவள் பேர், அதற்காகத்தான் பெண்கள் பெரிய கடைகளைத் தாண்டிக்கொண்டு அவளிடம் வருகிறார்கள். மற்ற கடைகளில் முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று பசாரில் மீன் ஏலம் விடுகிற மாதிரி கத்துவார்கள், சோபாவில் உட்கார்ந்திருக்கிற மாமியாருக்கெல்லாம் கேட்கும். இங்கே திரைக்குப் பின்னால் புஷ்பவள்ளி டேப்பைச் சுற்றுவாள், வந்தவளின் முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டுவாள், பிரேமாவதி பார்த்து எழுதிக்கொள்வாள், மூச்சு விடமாட்டாள். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள், விரலிலேயே பேசிக்கொள்வார்கள். அரை இஞ்சுக்கு ஒரு மடக்கு, கால் இஞ்சுக்கு ஒரு சொடக்கு. பிறகு சாயங்காலம் உட்கார்ந்து அவளே கம்ப்யூட்டரில் தட்டிப் போடுவாள், எழுதிய சீட்டைக் கிழித்துப் போடுவாள்... போன் அடிக்கிறது, கோலாலம்பூர் நம்பர், எடுக்காதே, அடிக்கட்டும். அடித்து நின்றது. உடனே மெசேஜ் வந்து விழுந்தது. வெட்டிட்டீங்களா அன்டி. வெட்டத்தான் போகிறார்கள், என்னை.

மூணாவது காப்பியை யாரிடம் வைப்பது என்று டக்ளஸ் கேட்டபோது, யோசிக்கவே இல்லையே அவள், "வேற யாரு, பிரேமாகிட்டதான்" என்றாள். பென்டிரைவ் அது, சுண்டு விரல் பெரிசு. பிரேமாவதி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள், சாமி மேடையில வச்சுர்றேன்க்கா, அங்கதான் யாரும் கை வைக்கமாட்டாங்க என்று. பிறகு என்ன வந்தது அவளுக்கு? கொஞ்ச நாளில் தலைவலி என்றாள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றாள், ஒரு நாள் வரவில்லை, மறுநாள் வரவில்லை, வரவே இல்லை, வீட்டிலேயே மெஷின் போட்டுவிட்டாள். ஊர் ஆயிரம் சொல்லியது. புஷ்பவள்ளிக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான், பிரேமாவதி மகள் சடங்கில், இவள் மேடையில் ஏறி நின்று, "யாருடி தச்சது, கைக்குழி இப்படித் தூக்குது" என்று கேட்டது. பிரேமாவதிதான் தைத்திருந்தாள். தப்புத்தான், மைக் பக்கத்தில் இருந்ததும் தப்புத்தான், அதற்காக ஒரு கைக்குழிக்கா இத்தனை நாள் கோபம்? புருஷன்கள் இருவரும் தினம் ஒரே கடையில் தேத்தண்ணி குடிக்கிறார்கள், வெட்கமில்லாமல், எங்களுக்குள்ள என்ன என்று. அவருக்கென்ன, அவருடைய தம்பி. இவள் போய் வாசலில் நிற்கவேண்டும்... நின்றாயிற்று. காடியை நிறுத்தியதே ஞாபகமில்லை. எதிர்வீட்டு ஜன்னல் துணி ஆடுகிறது, பார்த்துக்கொள்ளட்டும், நாளைக்குப் பசாரில் அவர்களுக்கும் பேச ஏதாவது வேண்டும்தானே. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது, அதற்குள் உள்ளே விளக்கு வைத்துவிட்டிருந்தாள் பாவி, சாம்பிராணி வாசனை கிரில் கம்பி வழியாக வந்தது.

"வாங்கக்கா" என்றாள் பிரேமாவதி. நேற்றுத்தான் பார்த்த மாதிரி. அந்த 'வாங்கக்கா'வில் ஒரு குத்தல் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று புஷ்பவள்ளிக்கு இருந்தது, குத்தினால் திருப்பிக் குத்தலாம்.

"உள்ள வரல. அந்தப் பென்டிரைவ் இருக்கா, இல்ல தூக்கிப் போட்டுட்டியா?"

"வச்ச எடத்துலயே இருக்கு. ஏன், இடில போயிருச்சா?"

அதுவும் தெரிந்திருக்கிறது. யார் சொன்னது, அவள் புருஷனிடம் இவள் புருஷன்தான், தேத்தண்ணியோடு. "எடுத்துக் குடு, போயிருறேன்."

"வெள்ளிக்கிழமைக்கா. இப்பதான் வெளக்கு வச்சேன். சாமி மேடையிலருந்து எடுத்து வெளிய குடுக்கச் சொல்றீங்களா?"

"அது என்ன உப்பா, ஊசியா? என் பொருள்லா அது!"

"உங்க பொருள்தான். வீடு என்னுதாச்சே. வெளக்கு வச்சிட்டா ஒரு நூல்கண்டுகூட வாசல் தாண்டக்கூடாதுன்னு கடையில யார் சொன்னது? நானா சொன்னேன்?" கிரில் பூட்டைத் திறந்தபடியே சொன்னாள், சாவதானமாக. "பொருள்தானே வெளிய போகக்கூடாது. நீங்க உள்ள வாங்க. பிள்ளையோட லாப்டாப் இருக்கு. வேணுங்கறதப் பாத்து எழுதிக்கிட்டுப் போங்க."

காலையில் வரட்டுமா என்று கேட்க மானம் சொன்னது, காலையில் வெட்டவேண்டும் என்று தொழில் சொன்னது, செருப்பைக் கழற்றும்போதே இவள் வேண்டுமென்றுதான் செய்கிறாள், எனக்குத் தெரியாதா, என்னிடமே கற்றுக்கொண்டு என்னையே... நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி துடைத்து வைத்திருந்தது. வருவேன் என்று எதிர்பார்த்தாளா? பிரேமாவதி எடுத்துவந்து நீட்டிய பென்டிரைவின் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு. டக்ளஸ் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். செருகினாள். லாப்டாப் கறுப்பாகவே இருந்தது, முனகியது, ஒன்றும் வரவில்லை.

"பாஸ்வேர்ட் கேக்கும்க்கா" என்றாள் பிரேமாவதி.

இன்னும் கேட்கவில்லை. அவள் சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சின்னக் கட்டம் வந்து நின்றது. புஷ்பவள்ளி கட்டத்தைப் பார்த்தாள், பிரேமாவதியைப் பார்த்தாள். பூட்டுப் போட்டது டக்ளஸ், பாஸ்வேர்ட் வைத்தது புஷ்பவள்ளி, "பொம்பளைங்க அளவுக்கா, சட்டம் இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதீங்க, சொந்தக்காரங்ககிட்டகூட" என்றான், அவன் சொன்ன அத்தனையிலும் அவள் ஒழுங்காகக் கேட்டது அது ஒன்றைத்தான்.

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"போட்டுப் பாத்தேன்ல. நீங்க குடுத்த அந்த வாரமே." ஒளிக்கவுமில்லை, தயங்கவுமில்லை. "தேவகிக்குத் தோள் அளவு தப்பா தட்டிட்டேன்னு ராத்திரி தோணுச்சு. திருத்திக் குடுத்துரலாம்னு பாத்தா பூட்டியிருக்கு. ஒங்க பேரு, மாமா பேரு, பிள்ளைங்க பேரு, ஆத்தா பேருகூட போட்டேன். தெறக்கல."

"கடைக்கு வந்து கேட்டிருக்கலாம்லா!"

"கேக்கலாம்." பிரேமாவதி முந்தானையால் மேசை ஓரத்தைத் துடைத்தாள், அங்கே தூசி எதுவும் இல்லை. "உள்ள இருக்குறது எல்லாம் நான் தட்டினதுதானேக்கா. எனக்குத் தெரியாத நம்பரு அதுல எது இருக்கு, பூட்டுறதுக்கு?"

அவன்தான் பூட்டச் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். சட்டம் என்று சொல்லியிருக்கலாம். வாய் நிறைய வார்த்தை வைத்திருக்கிறவள், ஊர் வழக்கெல்லாம் பேசித் தீர்க்கிறவள், "நீ தெறக்கப் பாத்தியா, இல்ல திருடப் பாத்தியா" என்று கேட்கத்தான் நாக்கு எழுந்தது, வீட்டில் மெஷின் போட்டிருக்கிறாள் அல்லவா, அந்த அளவெல்லாம் கையில் இருந்தால்... ஆனால் அளவு எல்லாம் அவள் மண்டையிலேயே இருக்குமே, திருட என்ன இருக்கிறது... அப்படியானால் சடங்குக்கு முன்னாலேயேவா? வரிசை எப்படி, முதலில் பென்டிரைவ், அப்புறம் தலைவலி, அப்புறம் சடங்கு. கைக்குழி கடைசியில்தான் வந்ததா? "நீங்க போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பிரேமாவதி சுவர்ப் பக்கம் திரும்பிக் கோயில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பேங்க் மெஷினில் பின்னால் நிற்கிற அந்நிய மனுஷி திரும்பிக்கொள்கிற மாதிரி. பரவாயில்லை, பாரேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? புஷ்பவள்ளி லாப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். தட்டுகிற சத்தம் அந்த அறையில் அநியாயத்துக்குப் பெரிதாகக் கேட்டது.

திறந்துகொண்டது. எல்லாம் இருந்தது, ஒரு பேரும் குறையாமல், வரிசையாக, நாளைக்கு வெட்டவேண்டியவர்கள் எல்லோரும், பழைய வாடிக்கைதானே. அப்பாடா என்று மூச்சு வரவேண்டும், வரவில்லை, விரல் தானாக ஓடியது, கோலாலம்பூர்க்காரியைத் தாண்டியது, சிங்கப்பூர்க்காரியைத் தாண்டியது, தேவகியிடம் போய் நின்றது. தோள், பதினைந்து. பதினைந்து என்றால் சரியா? தப்பாக இருந்தால் இவள் சொன்னது உண்மை, சரியாக இருந்தால் பொய், அவ்வளவுதான், பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது... ஒருத்தி கடை வாசலில் நிழலாடினாலே அளவு சொல்லுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற புஷ்பவள்ளிக்குத் தேவகியின் முகம் வந்தது, சிரிப்பு வந்தது, நீல நிறக் காஞ்சிபுரம்கூட வந்தது, தோள் மட்டும் வரவில்லை. அது பதினான்கரையா, பதினைந்தா. சரி, தேவகியை விடு, மேலே கீழே இருக்கிற மற்ற நம்பரெல்லாம், அதில் எது சரி என்று அவளுக்கு என்ன தெரியும், அவள் டேப்பைப் பிடித்ததோடு சரி, பார்த்து மனசில் வாங்கிக்கொண்டது யார்?

"வந்துருச்சாக்கா?" என்றாள் பிரேமாவதி, இன்னும் திரும்பாமல்.