தெற்குச் சுவர்க் குழாய்

“டாக்டர் கைய விரிச்சிட்டாருடி. நாளைக்குக் காலையில அவரை ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வர்றேன். என் வீட்ல, என் கட்டில்லதான் சாவேன்னு ஒரே பிடிவாதம். வீட்டைக் கொஞ்சம் சூடாக்கி வை.” ரியோ காஷேகோஸ் ஆஸ்பத்திரியிலிருந்து சுலேமா போனில் அழுதாள்.

பக்கத்து வீட்டு ஒத்தீலியா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். முப்பது வருஷச் சிநேகிதி கேட்ட ஒரே உதவி அல்லவா? நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடிந்து வந்து, சுலேமாவின் புருஷன் ரெமிஹியோ தன் கையாலேயே கட்டிய வீடு அது. கேஸ் ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டாள், தரையைத் துடைத்தாள், கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். அதோடு வந்து தொலைத்திருக்கலாம். கை சும்மா இருக்குமா?

சமையலறைக் குழாயில் நூல் மாதிரி தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பூமியின் தென்கோடியில் ஜூன்தான் உறைபனிக் காலம்; அது பிறந்துவிட்டால் அந்த ஊரில் ஒருவரும் குழாயை இறுக மூட மாட்டார்கள். ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. நின்றால் உறைந்து குழாயையே பிளந்துவிடும். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் தண்ணீர் விழுந்த இடத்தில் செங்கறை. ஒத்தீலியா அதைப் பளபளவென்று தேய்த்தாள். கடைசியாக வீடு திரும்புகிறவர் கண்ணில் மறுபடி கறை பட வேண்டாம், வீடுதான் அடுப்பாய்க் கொதிக்கிறதே என்று குழாயை இறுக மூடிவிட்டு வந்தாள். சூரியன் வடக்கே சாய்ந்தே போகிற அந்த ஊரில் வெயிலே படாத தெற்குச் சுவர் வழியாக அந்தக் குழாய் வருவதை மறந்துபோனாள், பாவி. அன்று ராத்திரி மைனஸ் இருபது.

காலையில் கதவைத் திறந்தால் கணுக்கால் தண்ணீர். படுக்கையறையின் தெற்குச் சுவருக்குள் குழாய் வெடித்துக் கட்டில்மேலேயே பீய்ச்சி அடித்திருந்தது. தண்ணீர் பட்டு ஹீட்டர் அணைந்து, ஓரமெல்லாம் பனிக்கட்டி. அவள் வாசல் வால்வை அடைப்பதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

“வழிய விடுடி, அவருக்குக் குளிருது.”

“உள்ள போகாத சுலேமா. குழாய மூடிட்டேன்டி... நான்தான் மூடினேன்.”

சுலேமா எட்டிப் பார்த்தாள். “அவரை இவ வீட்டுக்கே கொண்டுபோங்க,” என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னாள். நாலு அறை விட்டிருந்தால்கூட ஒத்தீலியா தாங்கியிருப்பாள்.

ரெமிஹியோவை ஒத்தீலியா வீட்டிலேயே படுக்க வைத்தார்கள். அந்த மனுஷன் விருந்தாளி மாதிரி நடந்துகொண்டார். இருமல் வந்தால் மன்னிப்புக் கேட்டார். சூடாக மாத்தே டீ கொடுத்தால் நன்றி சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, “விடும்மா. இந்த ஊர்ல குழாய் வெடிக்காத வீடு எது?” என்றார். அதற்கு அவள் இன்னும் அழுதாள்.

சுலேமா பகலெல்லாம் தன் வீட்டில் கடப்பாரையால் பனியைக் கொத்தினாள், இரவல் ஹீட்டர் வைத்து மெத்தையை உலர்த்தினாள். “இன்னைக்குக் காஞ்சிரும்,” என்று மூன்று நாளும் சொன்னாள். புருஷன் பக்கத்தில் உட்காரக்கூட நேரமில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ரெமிஹியோ கண் திறந்தார்.

“சுலேமாவக் கூப்பிடும்மா. ரொம்ப நேரமாச்சு, உங்களுக்கும் தொந்தரவு. நாங்க வீட்டுக்குக் கிளம்புறோம்.”

ஒத்தீலியா கோட்டுகூடப் போடாமல் ஓடினாள். ஈர மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த சுலேமா அப்படியே போட்டுவிட்டு வந்தாள். வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார், ஒரு கால் கம்பளிக்கு வெளியே தரையில் ஊன்றியிருந்தது.

“மெத்தை காஞ்சிருச்சுங்க. எந்திரிங்க, போலாம்,” என்று சுலேமா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.